கொச்சிக்கடையும் மக்கள் பிரதிநிதியும்

கொழும்புத் துறைமுகத்தின் மதிலை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்லும் வழியில், பார வண்டிகளின் இரைச்சல் பகலெல்லாம் ஓயாத ஓரிடத்தில், முழுவதும் கருங்கல்லால் அமைந்த சிவாலயம் ஒன்று நிற்கின்றது. பொன்னம்பலவாணேசுவரம் என்பது அதன் திருநாமம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கு மெழுகுதிரி ஏற்ற வருவோரில் கத்தோலிக்கர் எத்தனை பேர், சைவர் எத்தனை பேர், பௌத்தர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இவ்விரு சந்நிதிகளையும் அவற்றைச் சூழ்ந்த குறுகிய தெருக்களையும் தோட்டங்களையும் சேர்த்து மக்கள் கொச்சிக்கடை என்று வழங்குவர். கொச்சியிலிருந்து வந்த வணிகரின் கடைகள் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்று சொல்வாருமுண்டு. வந்தவர்களால் ஆன ஊர் என்பது மட்டும் உறுதி. துறைமுகத்தில் கூலிக்கு வந்தோர், செட்டியார் தெருவில் வாணிகத்திற்கு வந்தோர், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்திற்கு வந்தோர், கலவரத்திற்கும் போருக்கும் அஞ்சி வந்தோர் என இவ்வூர் நிறைந்தது.

இத்தகைய ஊருக்குச் சட்டசபையில் பேசுவார் யார்? அவர் ஊரவரைத் தேடி வருவாரா, ஊரவர் அவரைத் தேடிச் செல்ல வேண்டுமா? இக்காலத்தில் தேர்தல் நெருங்குந்தோறும் இக்கேள்வி எழுந்து, தேர்தல் முடிந்ததும் அடங்கிவிடுகிறது. ஆனால் இதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதியை இக்கற்கோயிலின் வாசலில் நின்றே பார்க்கலாம்.

இக்கோயிலை முதன்முதலில் 1857 ஆம் ஆண்டில் அமைத்தவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மைந்தர் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். நடுவரான இராமநாதன் 1851 இல் பிறந்தவர். தந்தையார் அமைத்த கோயிலை 1907 முதல் கருங்கல்லால் திருப்பணி செய்வித்து, 1912 இல் குடமுழுக்கு நிறைவேற்றியவர் அவரே. தென்னிந்தியச் சிற்பிகள் வந்து தூண்களைச் செதுக்கினர். கோயிலிருக்கும் வீதி இப்பொழுது ஸ்ரீ இராமநாதன் மாவத்தை என்று அவர் பெயரால் வழங்குகிறது. வழிபட வருவோருக்கு அவரைக் கோயில் கட்டிய பிரபு என்று தெரியும். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்தில் பல தவணைகள் சட்டநிரூபண சபையில் அமர்ந்திருந்த பிரதிநிதி என்பதை நினைப்போர் அத்துணைப் பேரல்லர்.

அவர் சபை புகுந்தது 1879 ஆம் ஆண்டில். வயது இருபத்தெட்டு. அக்காலத்துச் சபையை இன்றைய பாராளுமன்றத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தலாகாது. 1833 இல் அது அமைக்கப்பட்டபோது உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர்க்கே அதில் இடமிருந்தது. ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், பறங்கியர் ஒருவர், தமிழர் ஒருவர். அவர்களையும் மக்கள் தெரிந்தெடுக்கவில்லை, தேசாதிபதியே நியமித்தார். முதல் தமிழ் உறுப்பினராயிருந்தவர் இராமநாதனுடைய தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார். பின்னர் மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. அவர் இறந்ததும் மருகர். குடும்பச் சொத்துப்போல் ஆசனம் இறங்கி வந்தது என்று யாரேனும் நகைத்தால் மறுத்துரைப்பது கடினம். வாக்காளர் என்று ஒருவரும் இல்லாத காலத்தில், வாக்காளரைச் சந்திக்கச் செல்லும் வழக்கமும் இருக்க முடியாது.

அப்படிப்பட்ட நியமன உறுப்பினர் ஒருவர், தம்மை நியமிக்காத, தம் இனத்தையும் சமயத்தையும் சாராத மக்களுக்காகப் பேசிய நிகழ்ச்சி கொச்சிக்கடைக்கு மிக அருகில் தொடங்கிற்று. 1883 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராம விகாரையை நோக்கிப் பௌத்தர்கள் பெரஹரவாகச் சென்றனர். பாணந்துறை விவாதத்தால் இலங்கை முழுவதும் பெயர்பெற்றவர் அத்தேரர். ஊர்வலம் சாந்த லூசியா பேராலயத்தை அணுகிய வேளையில் தாக்கப்பட்டது. கலகம் மூண்டது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னர் விசாரணை நடந்தது. போதிய சான்று இல்லையென்று ஒருவரும் தண்டிக்கப்படாது போயினர். அடிபட்ட மக்களின் மனக்கொதிப்பு அதனால் இரட்டித்தது. அடுத்த ஆண்டு கேணல் ஒல்கொட் அவர்களுக்காக இலண்டன் சென்று குடியேற்றநாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அம்முறையீடுகளில் ஒன்று, வெசாக் பூரணை நாளை அரசாங்க விடுமுறையாக்க வேண்டும் என்பது.

கிறிஸ்தவப் பெருநாள்களில் அலுவலகங்கள் மூடப்பட்டன. நாட்டிலே பெரும்பான்மையினரான பௌத்தர் தங்கள் புனித நாளில் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கச் சபையினுள்ளே வாதாடியவர்களில் முதன்மையானவர் தமிழ் உறுப்பினராகிய இராமநாதன். 1885 இல் தேசாதிபதி சேர் ஆதர் கோடன் காலத்தில் வெசாக் பூரணை பொது விடுமுறையாயிற்று. இன்று வெசாக் இரவில் கொட்டாஞ்சேனையெங்கும் கூடுகள் ஒளிரும்போது, அவ்விடுமுறையின் வரலாற்றில் அடுத்த தெருச் சிவன் கோயிலாரின் குரலும் கலந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

1892 முதல் 1906 வரை இராமநாதன் மன்றாடியார் நாயகமாகக் கடமையாற்றினார். ஓய்வு பெற்ற பின்னரே கோயில் திருப்பணியிலும் மீண்டும் அரசியலிலும் ஈடுபட்டார். கற்கள் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் நாட்டின் முதலாவது தேர்தலும் வந்தது. படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம். நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் தொகையோ மூவாயிரத்திற்கும் குறைவு. 1911 ஆம் ஆண்டு இறுதியில் நடந்த அத்தேர்தலில் இராமநாதனும் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். வாக்காளரில் பெரும்பாலார் சிங்களவராயிருந்தும் வெற்றி பெற்றவர் தமிழர். இதனை இன ஒற்றுமையின் பொற்காலச் சான்றாக மேடைகளில் எடுத்துக் காட்டுவது வழக்கம். சிங்களவரிடையே இருந்த சாதிப் பிணக்கும் அவ்வெற்றிக்குத் துணை செய்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இரண்டும் உண்மையே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அன்றைய வாக்காளரை நாம் தேவர்களாக்கிவிடுவோம்.

எவ்வாறாயினும், முதல் முறையாக அவருக்கு வாக்காளர்கள் இருந்தார்கள். வாக்காளரல்லாதோரும் தம்மிடம் வந்து முறையிட்டபோது அவர் என்ன செய்தார் என்பதற்கு 1915 ஆம் ஆண்டு சாட்சி.

அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியிலே வெசாக் ஊர்வலம் பற்றி எழுந்த பிணக்கு, சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலவரமாக மூண்டு கொழும்புக்கும் கரையோர மாவட்டங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் சேதமுற்றன. ஜூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவில் நடந்த மகா யுத்தத்தினால் ஏற்கெனவே மிரண்டிருந்த ஆங்கில அதிகாரிகள் இதனை அரசுக்கெதிரான சதியென்று கருதினர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுடப்பட்டோர் வேறு பலர். ஜூலை 7 ஆம் திகதி கொல்லப்பட்ட ஹென்றி பேதிரிசு இருபத்தேழு வயதும் நிரம்பாத இளைஞர். பிற்காலத்தில் பிரதம மந்திரியான டி. எஸ். சேனநாயக்காவும், டி. பி. ஜயதிலக்காவும் சிறையில் அடைக்கப்பட்டனர். நட்டத்தை ஈடுசெய்யவென்று குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றி ஊர்ச் சிங்களவர் அனைவரிடமும் பணம் பிரிக்கப்பட்டது.

பேச அஞ்சிய காலம் அது. அறுபத்து நான்கு வயதான இராமநாதன் சபையில் எழுந்து நாட்கணக்காகப் பேசினார். அப்பேச்சுக்களின் சிறப்பு அவற்றின் சொல்லலங்காரத்தில் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில், எவர் வாசலில், எந்த அதிகாரி என்ன செய்தார் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். அவற்றை அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் கணவரை இழந்த பெண்களும், பணம் கட்டும்படி வெருட்டப்பட்ட கிராமத்தவருமே. தொகுதிச் சந்திப்பு என்ற சொல் வழங்காத காலத்தில், உண்மையான தொகுதிச் சந்திப்பு அவருடைய வீட்டு விறாந்தையில் நடந்தது எனலாம். அதன் பின்னர், நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம் நிறைந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடினார். தேசாதிபதி சாமர்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். இராமநாதனுடைய பேச்சுக்கள் 1916 இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்து விட்டு, துறைமுகத்திலிருந்து வார்ட் பிளேசிலுள்ள அவருடைய இல்லம் வரை தாங்களே வண்டியை இழுத்துச் சென்றனர்.

இவ்வண்டிக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் கேட்டிருப்பர். கேளாத பகுதி ஒன்றுண்டு. கொச்சிக்கடையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து செல்லும் தூரத்தில் கடையிழந்து நின்ற முஸ்லிம் வணிகருக்கு அப்பேச்சுக்கள் எவ்வாறு ஒலித்திருக்கும்? அவர்கள்தாம் முதலில் அடிபட்டவர்கள். அரசாங்கத்தின் கொடுமையை எடுத்துரைக்கும் வேகத்தில், முஸ்லிம்கள் பட்ட துன்பம் சிறிதாக்கப்பட்டது என்று அச்சமூகத்தார் மனங்கசந்தனர். அக்கசப்புப் புதியதுமன்று. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் முன்னரே வாதித்திருந்தார். சோனகர்க்குத் தனி உறுப்பினர் வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருளாக அவர்களால் கொள்ளப்பட்டது. 1889 இல் அவர்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது; ஐ. எல். எம். அப்துல் அசீஸ் பின்னாளில் இராமநாதனுக்கு மறுப்பும் எழுதினார். தம் விறாந்தைக்கு வந்தவர்களின் கண்ணீரை அப்பெருமகன் சபைக்கு எடுத்துச் சென்றார். வராதவர்களின் வாசலுக்கு அவர் சென்றாரல்லர். பெரிய மனிதரைப் பற்றிப் பேசும்போது இதனைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இளையவராகிய அருணாசலம் வேறு வழியில் நடந்தவர். பதிவாளர் நாயகமாயிருந்து 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர். ஒவ்வொரு குடிசையிலும் எத்தனை பேர் படுத்துறங்குகிறார்கள் என்பதைத் தொகையாக அறிந்தவர். ஓய்வு பெற்றபின் 1915 இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அமைத்துக் கொழும்பு ஏழைகளிடையே இராப்பாடசாலை, மருத்துவ உதவி முதலியவற்றைத் தொடங்கினார். 1919 இல் தொழிலாளர் நலச் சங்கம் கண்டார். ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் சட்டத்தையும், கடனோடு ஆளையும் கைமாற்றும் துண்டு முறையையும் எதிர்த்தார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர். தமையனார் போல் வாதத்திறனால் சபையை அதிரவைத்தவரல்லர். சேரித் தெருவில் காலால் நடந்து பார்த்தவர். 1924 இல் காலமானார்.

வாக்குரிமை பற்றிய கேள்வி வந்தபோது தமையனார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதன்முன் தோன்றி யாவர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்டார். அதே ஆண்டில் கொழும்புத் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தியவர் அவர். படித்தோரும் பொருளுடையோருமாகிய தலைவர் பலர் அத்துணைத் தூரம் செல்ல விரும்பவில்லை. இராமநாதன் கடுமையாகவே எதிர்த்தார். கல்வியும் உடைமையும் இல்லாதோர் கையில் ஆட்சியைக் கொடுப்பது நாட்டைக் குலைக்கும் என்பது அவர் கொள்கை. 1929 ஆம் ஆண்டு டிசம்பரில் டொனமூர்த் திட்டம் சபையில் பத்தொன்பது வாக்குகளுக்குப் பதினேழு என்னும் அளவில்தான் நிறைவேறிற்று. இராமநாதன் மறுத்து வாக்களித்தோருள் ஒருவர். மறு ஆண்டு நவம்பர் 26 ஆம் திகதி அவர் காலமானார். 1931 ஜூனில், இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் அரசாங்க சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தபோது, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. பிரித்தானியாவிலே பெண்கள் ஆடவரோடு சமமாக வாக்குப் பெற்றது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர்தான்.

வாக்கு வந்ததும் வேட்பாளர் வாசலுக்கு வந்தனர். கைகூப்பி வருதலும், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுதலும், தண்ணீர்க்குழாய்க்கு வாக்குறுதி அளித்தலும் அன்று தொடங்கியவை. இவற்றை ஏளனம் செய்வது எளிது. ஆனால் கொழும்பின் தோட்டம் என்பதில் வாழ்ந்தோருக்குத் தண்ணீர்க்குழாய் ஏளனத்திற்குரிய பொருளன்று. தோட்டம் என்றவுடன் மாமரமும் தென்னையும் நினைவுக்கு வருதல் கூடாது. பெருந்தெருவிலிருந்து ஒருவர் பின் ஒருவராகவே நுழையக்கூடிய ஒழுங்கை. அதன் இருமருங்கிலும் ஒற்றை அறை வீடுகள். முப்பது குடும்பத்துக்கு ஒரு குழாய், ஓரிரு மலகூடம். விடியற்காலை நான்கு மணிக்கே வாளிகள் வரிசையில் அமர்ந்துவிடும். வீட்டுக்காரர் ஒருவர், வாடகை வாங்க வருபவர் மற்றொருவர், கூரை ஒழுகினால் பொறுப்பானவர் எவருமில்லை.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நகரின் நெருக்கமான வட்டாரங்களைக் கொண்ட கொழும்பு மத்திய தொகுதிக்கு மூன்று ஆசனங்கள் அளிக்கப்பட்டன. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே கொடுக்கலாம். சிறுபான்மையினர் தம் வாக்கைச் சிதறாமல் ஒருமுகப்படுத்தி ஒருவரையேனும் அனுப்பட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் வாய்த்தது. குணசிங்கவும், சாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்து பெயர்பெற்ற ரீ. பி. ஜாயாவும், பறங்கியரான பொதுவுடைமைவாதி பீற்றர் கெனமனும் தெரிவாயினர். சிங்களவர் ஒருவர், மலாயர் ஒருவர், பறங்கியர் ஒருவர் ஒரே தொகுதியிலிருந்து! தோட்டத்து மனிதருக்கு ஒரு வாசல் அடைபட்டால் வேறு இரு வாசல் இருந்தன. இத்தகைய ஏற்பாட்டின் அருமை அது மறைந்த பின்னரே உணரப்பட்டது.

கெனமன் 1977 வரை அத்தொகுதியின் உறுப்பினராயிருந்தார். 1970 இல் வீடமைப்பு மந்திரியானார். 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், அடுத்த ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் அவர் பதவியிலிருந்தபோது வந்தவை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை விதிக்கப்பட்டது. எல்லைக்கு மேற்பட்ட வீட்டை அதிற் குடியிருப்பவரே வாங்கும் வாய்ப்பு உண்டாயிற்று. அச்சட்டம் முதலீட்டைக் கெடுத்தது, வாடகைக்கு வீடே கிடையாமற் செய்தது என்று குறை கூறுவோர் உளர், அதில் உண்மையில்லாமலுமில்லை. எனினும் மூன்று தலைமுறையாக வாடகைச் சிட்டையை மட்டுமே கண்ட குடும்பம் உறுதிப்பத்திரத்தைக் கையில் வாங்கியது, அத்தோட்டங்களைப் பல்லாண்டு சுற்றிவந்த ஒருவர் மந்திரியானதால் நிகழ்ந்தது.

அதே தொகுதியில் 1960 இல் முதன்முதல் தெரிவானவர் ஆர். பிரேமதாச. வாழைத்தோட்டத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். ஆதலால் வருகை தர வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. 1977 இன் பின் வீடமைப்பு அவர் பொறுப்பாயிற்று. சனாதிபதியானபின், அமைச்சுக்களையே மாவட்டங்களுக்குக் கொண்டு சென்ற நடமாடும் சேவையை நடத்தினார். பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் தலைநகருக்கு அலைந்தோர் தம் ஊர்ப் பாடசாலை மண்டபத்திலேயே அவற்றைப் பெற்றனர். அவருடைய ஆட்சியின் கொடிய பக்கங்கள் வேறு. அவை இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. 1993 மே முதலாம் திகதி, தம் சொந்தத் தொகுதி மக்களின் ஊர்வலத்திடையே ஆமர் வீதிச் சந்தியில் குண்டுக்கு இரையானார்.

இனி, வாக்கே இல்லாதிருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் உரிமையைப் பறித்தன என்பதை யாவரும் அறிவர். அச்சட்டங்கள் மலையோடு நின்றுவிடவில்லை. துறைமுகத்தில் மூடை சுமந்தோர், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர், செட்டியார் தெருக் கடைச் சிப்பந்திகள் எனக் கொழும்பிலும் இந்திய வம்சாவளியினர் பலர் ஒரே நாளில் எவருக்கும் வாக்காளரல்லாதவராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை போட்டுப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றோர் என்னும் நிலை பெரும்பாலும் நீங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்பட்டது, அடுத்த வீட்டுக் கதவு தட்டப்படவில்லை. வேட்பாளரின் ஆட்கள் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே வருவர். இடாப்பில் பெயரில்லாத வீட்டின் முன் நிற்பதற்கு அவர்களுக்கு நேரமிருப்பதில்லை.

1989 முதல் விகிதாசாரத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்தது. கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். கொச்சிக்கடைக்கென்று உறுப்பினர் இல்லை. மாவட்டத்தின் உறுப்பினர் அனைவரும் கொச்சிக்கடைக்கும் உறுப்பினரே. இம்முறையால் சிதறி வாழும் தமிழரும் முஸ்லிம்களும் மாவட்ட அளவில் ஒன்றுகூடித் தம்மவரை அனுப்ப முடிகிறது. அது பெரும் நன்மை. ஆனால் ஒழுங்கையில் கழிவுநீர் தேங்கினால் எவரிடம் சொல்வது? அனைவருக்கும் பொதுவான பிள்ளை பட்டினி கிடக்கும் என்பார்கள். பாடசாலை அனுமதி மாதங்களில் உறுப்பினரின் கடிதத்தைக் கையிலேந்தி அதிபர் அலுவலக வாசலில் நிற்கும் தாய்மாரைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தயவாகப் பெறுவதற்கே மக்கள் உறுப்பினரைத் தேடுகின்றனர். உறுப்பினரும் பெரும்பாலும் அதற்கே பயன்படுகின்றார். அரசாங்க அலுவலகம் இழைத்த அநீதியை விசாரிக்க 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு பாராளுமன்ற ஆணையாளர் நியமிக்கப்பட்டார். குறைகேள் அதிகாரி என்றும் அவரை வழங்குவர். தொடக்கத்தில் பாராளுமன்ற உறுப்பினர் வழியாகப் பொது மனுக் குழுவுக்குச் சென்ற முறைப்பாட்டையே அவர் ஏற்கலாம் என்றிருந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எவரும் நேரே அவருக்கு எழுதலாம். இவ்வாசல் திறந்து முப்பது ஆண்டுகளாகியும் கொச்சிக்கடையில் அதனை அறிந்தோர் அரியர்.

2019 ஏப்ரில் 21 ஆம் திகதி, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. புனித அந்தோனியார் ஆலயத்தில் காலைப் பூசை வேளையில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் மாண்டோர் இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர். அதன்பின் ஆலயத்திற்கு வராத அரசியல்வாதி இல்லை. மலர் வளையங்களும் படப்பிடிப்பாளரும் நிறைந்தனர். ஆனால் முன்னெச்சரிக்கை கிடைத்தும் காவாது விட்டவர் யார் என்னும் கேள்விக்கு மக்கள் விடை பெற்றது உயர் நீதிமன்றத்தில். 2023 சனவரியில் அந்நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி பத்துக் கோடி ரூபாவை நட்ட ஈடாகச் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தோரில் உறவினரை இழந்தோர் இருந்தனர்.

கற்கோயிலுக்குத் திரும்புவோம். தியாகராஜா மகேஸ்வரன் காரைநகரைச் சேர்ந்தவர், வணிகர். யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று இந்து சமய அலுவல்கள் அமைச்சராயிருந்தவர். 2004 ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்திற்கு மாறித் தெரிவானார். அக்காலத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்க் குடும்பங்கள் அனுபவித்த அச்சத்தை அனுபவித்தவரே அறிவர். வடக்கிலிருந்து வந்து தங்குவோர் பொலிசில் பதிய வேண்டும். இரவில் சுற்றிவளைப்பு. வெள்ளை வேனில் கொண்டு செல்லப்பட்ட மகனைத் தேடித் தாய்மார் பொலிஸ் நிலையத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அலைந்தனர். அவர்கள் தேடிச் சென்ற வாசல்களில் உறுப்பினர்களின் வாசலும் ஒன்று. 1915 இல் இராமநாதனுடைய விறாந்தைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த அதே வகைச் செய்தியை இவர்களும் கொண்டுவந்தனர்: இன்ன நாள், இன்ன நேரம், இன்ன தெரு.

2007 டிசம்பரில் மகேஸ்வரன் வரவு செலவுத் திட்டத்திற்கு எதிராக வாக்களித்தார். அதையடுத்து அவருடைய பாதுகாப்புக் காவலர் தொகை குறைக்கப்பட்டது. ஆட்கடத்தல்கள் பற்றித் தாம் அறிந்தவற்றைப் பாராளுமன்றம் மீண்டும் கூடும்போது வெளியிடப் போவதாகத் தொலைக்காட்சியில் கூறியிருந்தார்.

2008 சனவரி முதலாம் திகதி காலை. புத்தாண்டு வழிபாட்டிற்காகப் பொன்னம்பலவாணேசுவரத்தில் அடியார் கூட்டம் நிறைந்திருந்தது. மகேஸ்வரனும் குடும்பத்தாரோடு வந்திருந்தார். சந்நிதியில் மணியோசை ஒலித்த வேளையில் துப்பாக்கி வெடித்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், உயிர் தங்கவில்லை. அருகே நின்றோர் பலரும் காயமுற்றனர். இராமநாதன் அடுக்குவித்த கற்றளம் அன்று கழுவப்பட்டது.

அடுத்த வாரம் பாராளுமன்றம் கூடிற்று. அவர் சொல்லவிருந்தவை ஹன்சாட்டில் இல்லை.